லில்லி புஷ்பத்தின் சாட்சி

2018 அக்டோபர் 8, திங்கள். அடிஸ் அபாபா

பயணத்தில் ஒவ்வொருவரும் தினமும் கொஞ்சமாவது எழுதவேண்டும் என்று ஐயா சொல்லியிருக்கிறார். ஊருக்குப் போனதும் சபைப் பத்திரிகைக்கு அறிக்கை கொடுக்க வேண்டுமாம். அதனால் எழுதுகிறேன்.

மூன்று பேர் வந்திருக்கிறோம். ஐயா என்பது எங்கள் குருவானவர் ஞானசிகாமணி. டாக்டர் பியூலா கண் மருத்துவர். வயதில் சின்னவள், என்னை அக்கா என்பாள். நான், லில்லி புஷ்பம், பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதித்துக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுப்பவள். இங்கே தெற்கில் ஒரு மலையூரில் இருக்கும் சபை எங்களை அழைத்திருக்கிறது. வாரம் முழுவதும் கண் முகாம். ஞாயிறு ஆராதனையில் ஐயா பிரசங்கம், அதற்கு முன்னால் என் சாட்சி, அதாவது கர்த்தர் என் வாழ்க்கையில் செய்ததைச் சபைமுன் சொல்வது.

விமானத்தில் எனக்கு ஜன்னலோர இருக்கை. கீழே கடல் தெரிகிறது பாருங்க என்றாள் பியூலா. பார்த்தேன். கடல்தான்.

பெட்டிக்குள் ஊறுகாய் பாட்டிலின் மூடி கழன்று இரண்டு சேலைகள் எண்ணெயாகிவிட்டன. விடுதியில் ஒரு வாளி கிடைத்தது. ஊறப்போட்டு, சோப்புப் போட்டு, மறுபடி ஊறப்போட்டு, சாயங்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. நல்லதாகப் போயிற்று.

வந்து சேர்ந்தோம் என்று ஊரில் இருக்கும் என் கணவருக்கு, அத்தானுக்கு, செய்தி அனுப்பினேன். "சரி" என்று பதில் வந்தது.

அக்டோபர் 9, செவ்வாய்

பகல் முழுக்க வேனில் வந்தோம். இரண்டு பக்கமும் மஞ்சள் பூ. ஐயா நிறைய போட்டோ எடுத்தார். எனக்குத் தலை வலித்தது.

நாங்கள் தங்குவது சபை மூப்பர் ஒருவரின் வீட்டில். பெயர் மத்தேவோஸ். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஆஸ்தர். நம் எஸ்தர்தான் இங்கே ஆஸ்தர். என் வயதுதான் இருக்கும், கூடப் போனால் இரண்டு மூன்று வயது. மகள் மெஸெரெட் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறாள். ஆஸ்தருக்கு அம்ஹாரிக் தவிர வேறு பேச வராது. மெஸெரெட்தான் எங்களுக்கு வாய்.

வேனை விட்டு இறங்கியதும் ஆஸ்தர் என் தோள்களைப் பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மறுபடி இந்தக் கன்னம். முடிந்தது என்று விலகினேன். முடியவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

நாங்கள் உட்கார்ந்த இடத்துக்கே கெண்டியும் தாம்பாளமும் கொண்டுவந்து கையில் தண்ணீர் ஊற்றினாள். பெரிய தட்டில் இஞ்செரா. நம் ஆப்பத்தை அகலமாக ஊற்றி, இரண்டு நாள் புளித்த மாவில் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதன் மேலேயே குழம்புகளை ஊற்றுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே தட்டு. நான் ஓரத்தில் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்தர் ஒரு பெரிய கவளத்தைச் சுருட்டி என் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தாள்.

"குர்ஷா" என்றாள் மெஸெரெட். "விருந்தாளிக்கு ஊட்டிவிடுறது. வேண்டாம்னு சொல்லக்கூடாது. ஒண்ணோட நிறுத்தினா சண்டை வரும், இரண்டு வாங்கணும்."

வாயைத் திறந்தேன். இரண்டும் வாங்கினேன். காரம் தெரிந்தது. ருசி தெரியவில்லை. எனக்குக் கொஞ்ச காலமாகவே அப்படித்தான்.

அக்டோபர் 10, புதன்

முகாம் சபைக் கட்டடத்தில். கூட்டம் நிறைய. பெரும்பாலும் வெள்ளெழுத்தும் கண்புரையும். கொண்டுவந்த வாசிப்புக் கண்ணாடிகளில் பாதி இன்றே போய்விட்டது. வேலை இருந்தால் எனக்கு நன்றாக இருக்கிறது. பெரியது தெரிகிறதா, சின்னது தெரிகிறதா, இது தெளிவா, அது தெளிவா. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

சாயங்காலம் ஆஸ்தர் காபி போட்டாள். நம் ஊரில் காபி போடுவது போல இல்லை. தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, எங்கள் முன்னாலேயே அடுப்பு மூட்டி, பச்சைக் கொட்டையைக் கழுவி வறுத்தாள். வறுத்த சட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கும் கொண்டுவந்து புகையைக் காட்டினாள். பிறகு இடித்தாள். பிறகு கழுத்து நீண்ட மண் கூஜாவில் கொதிக்க வைத்தாள். ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று சுற்று குடிக்க வேண்டுமாம். மூன்றாவது ஆசீர்வாதச் சுற்று. அதற்கு முன் எழுந்து போனால் வீட்டாருக்கு மனவருத்தம்.

எனக்குப் பிடித்திருந்தது. யாரும் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்பது போல உட்கார்ந்திருந்தார்கள்.

அக்டோபர் 11, வியாழன்

காலையில் சமையலறைச் சுவரில் ஆஸ்தர் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். இன்று இவர்களுக்கு மாதப் பிறப்பு. மேலே வருஷம் 2011 என்று இருந்தது. பழைய காலண்டர் போல என்று நினைத்தேன். இல்லை என்று மத்தேவோஸ் விளக்கினார். இவர்கள் கணக்கு வேறு. நமக்கு ஏழெட்டு வருஷம் பின்னால்.

"இங்க வந்ததுல நீங்க எல்லாரும் இளமையாகிட்டீங்க" என்று சிரித்தார். ஐயாவும் சிரித்தார்.

2011இல் என் மகன் ஜெபின் எட்டாம் வகுப்பு. டியூஷனுக்குச் சைக்கிளில் போவான். மணி அடிக்காமல் வாயாலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு போவான்.

சாயங்காலக் காபியின்போது, ஐயா சபைக்குப் போயிருந்த நேரத்தில், எத்தனை பிள்ளைகள் என்று ஆஸ்தர் கேட்டாள்.

"ஒண்ணு. பையன்" என்றேன்.

"என்ன பண்றான்?"

"படிக்கிறான். இன்ஜினியரிங். ஹாஸ்டல்ல இருக்கான்."

மெஸெரெட் சொன்னதும் ஆஸ்தர் மகிழ்ந்து போய்க் கையைத் தட்டினாள். பரீட்சை எப்போது என்று கேட்டாள். அடுத்த மாதம் என்றேன். பெயர் கேட்டாள். சொன்னேன். பியூலா தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டாவது சுற்றை வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 12, வெள்ளி

விடியற்காலை குடும்ப ஜெபத்தில் ஆஸ்தர் கண்ணை மூடி நெடுநேரம் ஜெபித்தாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. நடுவில் "ஜெபின்" என்று கேட்டது.

எழுந்து வெளியே போய் வாளியில் தண்ணீர் பிடித்தேன். வாளி நிரம்பி வழிந்தது.

மதியம் முகாம் இடைவேளையில் ஐயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"லில்லிம்மா, ஞாயித்துக்கெழமைக்கு ஆயத்தமா இருக்கீயளா? பத்து நிமிஷம் போதும். நடந்தத நடந்தபடி சொல்லுங்க. ஒரே மகன ஒப்புக்கொடுத்துட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாம நின்னீங்களே, அந்தச் சமாதானம் எங்கயிருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க. இந்த ஜனங்களுக்கு அது பெரிய பிரயோஜனமா இருக்கும்."

"சரி ஐயா."

இதையும் எழுதிவிடுகிறேன். ஜெபின் ஜனவரியில் இறந்துவிட்டான். பைக்கில் கல்லூரிக்குத் திரும்பும்போது, நாற்கரச் சாலையில், லாரி. பத்தொன்பது வயது. அத்தான்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் அடையாளம் காட்டினார்கள். நான் வீட்டில் வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். பால் தீர்ந்து மறுபடி வாங்கிவரச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அழாதீங்க, அவன் கர்த்தர்கிட்ட இருக்கான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அழவில்லை. அடுத்த ஞாயிறு ஐயா பிரசங்கத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, விசுவாசம் என்றால் இதுதான் என்றார். அதற்குப் பிறகு மூன்று சபைகளில் சாட்சி சொல்லியிருக்கிறேன். நன்றாகச் சொல்கிறேன் என்றார்கள்.

அத்தான் எதுவும் சொல்வதில்லை. கரண்ட் பில், சிலிண்டர், மோட்டார் ரிப்பேர், இவற்றைப் பேசிக்கொள்வோம்.

நான் இங்கே சொன்ன பொய் ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்பும் தெரிந்துவிடும். பயமாக இருக்க வேண்டும். பயமும் இல்லை. துணி காயப்போட்டேன்.

அக்டோபர் 13, சனி

இன்று நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

முகாம் மதியத்தோடு முடிந்தது. வீட்டுக்கு வந்தால் ஆஸ்தர் சமையலறையில் என்னைக் கூப்பிட்டாள். மடியில் ஒரு வெள்ளைப் போர்வை. கையால் நெய்த பருத்தி, நான்கு மடிப்பு கனம், ஓரத்தில் பச்சைக் கரை. மெஸெரெட்டிடம் ஏதோ சொன்னாள்.

"இது ஜெபினுக்கு. ஹாஸ்டல்ல குளிருமேன்னு அம்மா சொல்றாங்க. உங்க ஊர்ல குளிராதுன்னு சொன்னேன். எந்த ஊர்லயும் ராத்திரி குளிரும்னு சொல்றாங்க."

போர்வையை என் கையில் வைத்தாள். கனமாக இருந்தது. வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருக்கலாம். பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோய் பீரோவில் வைத்திருக்கலாம். அப்படித்தான் செய்வேன் என்று நினைத்தேன். ஆனால் வாய் வேறு சொன்னது.

"மெஸெரெட், அவன் இல்ல. செத்துப் போயிட்டான். ஜனவரியில. நான் பொய் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லு."

மெஸெரெட் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆஸ்தர் இரண்டு கையாலும் தன் மார்பில் அறைந்துகொண்டாள். அப்படி ஒரு சத்தம் போட்டாள். பெற்ற மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது போல. அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. நான்தான் போய் இறக்கி வைத்தேன்.

சத்தம் கேட்டு பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். ஆஸ்தர் அழுதுகொண்டே சொன்னாள். அவளும் அழ ஆரம்பித்தாள். அவள் வாசலுக்குப் போய் யாரையோ கூப்பிட்டாள். சிறிது நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. வெள்ளைத் துணியைத் தலையில் போட்டபடி பெண்கள் ஒவ்வொருவராக வந்து, என் கையைப் பிடித்து, ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். "அய்ஸோஷ்." தைரியமாக இரு, நாங்கள் இருக்கிறோம் என்று அர்த்தமாம். அவர்களில் பலர் இந்த வாரம் என்னிடம் கண் காட்டியவர்கள். ஒருத்தி நான் கொடுத்த கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்தர் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் போர்வையைப் பிரித்து என் மேலேயே போர்த்தினாள்.

"அம்மா கேக்கிறாங்க" என்றாள் மெஸெரெட். "உங்க ஊர்ல உங்ககூட யாரு அழுதாங்க?"

நிறைய பேர் வந்தார்கள் என்றேன். ஜெபித்தார்கள். சாப்பாடு கொண்டுவந்தார்கள்.

"அது சரி. அழுதது யாரு?"

யோசித்தேன். "யாரும் சத்தமா அழல. நானும் அழல."

மெஸெரெட் சொன்னதும் ஒரு வயதான பெண் ஏதோ கேட்டாள். அவன் எப்படி இருப்பான் என்று. போனில் போட்டோ இருந்தது. காட்டினேன். கையிலிருந்து கைக்குப் போயிற்று. ஒவ்வொருத்தியும் பார்த்து ஏதாவது கேட்டாள். உயரமா? பாடுவானா? என்ன பிடித்துச் சாப்பிடுவான்? கோபக்காரனா? மெஸெரெட்டுக்கு மூச்சு வாங்கியது.

உயரம் என்றேன், நிலைப்படியில் குனிந்து வருவான். பாடமாட்டான், ஆனால் குளிக்கும்போது மட்டும் கத்துவான். தோசையில் முறுகலான ஓரத்தைத் தின்றுவிட்டு நடுவை எனக்கு வைப்பான். கோபம் வந்தால் அவனே பாத்திரம் கழுவுவான், தட்டும் டம்ளரும் தெருவுக்கே கேட்கும். நான் சொல்லச் சொல்ல ஒருத்தி அதையே பாட்டு மாதிரி இழுத்து அழுதாள். நிலைப்படியில் குனிந்து வந்த ஜெபின், அம்மாவுக்குத் தோசை வைத்த ஜெபின் என்று அவள் அழுவதாக மெஸெரெட் சொன்னாள். மற்றவர்கள் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

இந்தச் சமயத்தில் ஐயாவும் பியூலாவும் வந்தார்கள். ஐயா வாசலிலேயே நின்றுவிட்டார். மத்தேவோஸிடம் ஆங்கிலத்தில் மெல்லப் பேசியது எனக்குக் கேட்டது.

"பிரதர், இந்த அம்மாவுக்கு கர்த்தர் சமாதானம் கொடுத்து ரொம்ப நாளாச்சு. இதை மறுபடி கிளற வேண்டாமே. நாளைக்கு சாட்சி சொல்லணும்."

மத்தேவோஸ் அவர் தோளில் கை வைத்தார். "பாஸ்டர், இவங்க எங்க வீட்டுல சாப்பிட்டுட்டாங்க. அந்தப் பையன் இப்ப எங்க பையன். எங்க பையன் செத்த சேதி எங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியும். உட்காருங்க."

ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஐயா நெடுநேரம் நின்றார். பிறகு நாற்காலியில் உட்காராமல், ஆண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஜெபம் எதுவும் செய்யவில்லை.

பியூலா என் காலடியில் வந்து உட்கார்ந்து அழுதாள். "அக்கா, அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப அழுகையா வந்துச்சு. நீங்களே அழாம இருக்கீங்க, நான் எப்படி அழன்னு பாத்ரூம்ல போய் நின்னேன்."

கோதுமையும் பயறும் அவித்து உப்புப் போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். துக்க வீட்டில் இதுதானாம். சுண்டல் மாதிரி இருந்தது. கை நிறைய வாங்கித் தின்றேன். உப்பு கொஞ்சம் கூட.

எனக்கு அழுகை வரவில்லை. கடைசிவரை வரவில்லை. அவர்கள் அழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழாமல் இருப்பதற்காக யாரும் என்னைப் பாராட்டவில்லை. அழு என்று வற்புறுத்தவும் இல்லை.

அக்டோபர் 14, ஞாயிறு

ஆராதனைக்குப் போகும் வழியில் ஐயாவிடம் சொன்னேன். "நான் வழக்கமான சாட்சி சொல்லல ஐயா."

"பின்ன?"

"தெரியல."

அவர் வேட்டிக் கரையைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

முன்னால் போய் நின்றேன். மெஸெரெட் பக்கத்தில் நின்றாள். மூன்று சபைகளில் சொன்ன வசனங்கள் எல்லாம் வரிசையாக வாயில் வந்து நின்றன. அவற்றைச் சொல்லவில்லை.

"என் மகன் பேர் ஜெபின். ஜனவரியில செத்துப் போனான். எனக்குச் சமாதானம் இருக்குன்னு எங்க ஊர்ல சொல்லிட்டு வந்தேன். அது சமாதானம் இல்ல. என்னன்னு எனக்குத் தெரியல, கை மரத்துப் போனா இருக்குமே அப்படி. கர்த்தர் மேல எனக்குக் கோபமான்னும் தெரியல. நேத்து இந்த ஊர்ல என் மகனுக்காக அழுதாங்க. அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் யாரோ "அய்ஸோஷ்" என்றார்கள். பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும்.

ஐயாவின் பிரசங்கம் இன்று குறுகியது.

மதியச் சாப்பாட்டில் என் எதிரே உட்கார்ந்து இஞ்செராவைப் பிய்த்தபடி கேட்டார். "லில்லிம்மா, அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்து ஜெபிச்சேன். உட்கார்ந்தேனா?"

"இல்ல ஐயா. அந்த வாரம் உங்களுக்கு மூணு கல்யாணம் இருந்துச்சு."

"ஆமா" என்றார். "இருந்துச்சு."

ஆஸ்தர் அவருக்கு ஒரு கவளம் ஊட்டினாள். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 15, திங்கள்

ஊரே வேனைச் சுற்றி நின்றது. ஆஸ்தர் முத்தமிட்டாள். இந்த முறை எங்கே நிறுத்துவது என்று நான் பார்க்கவில்லை.

வழியில் ஒரு ஊரில் சிக்னல் கிடைத்தது. அத்தானைக் கூப்பிட்டேன். "என்ன விஷயம்?" என்றார்கள். ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றேன். நாங்கள் சும்மா பேசி ரொம்ப நாளாகிறது. மழை பெய்கிறதா என்று கேட்டேன். பெய்கிறது என்றார்கள். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. சிக்னல்தான் போயிற்று.

அக்டோபர் 16, செவ்வாய்

விமானம் தாமதம். கால் வீங்கியிருக்கிறது.

அக்டோபர் 18, வியாழன். பாளையங்கோட்டை

நேற்றுக் காலை ஜங்ஷன் ரயில் நிலையத்துக்கு அத்தான் வந்திருந்தார்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்டார்கள். பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து குளித்து, அழுக்குத் துணியை மெஷினில் போட்டு, சாதம் வைத்தேன். சாப்பிட்டோம்.

தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர்களும் எழவில்லை.

"அத்தான், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவன் எப்படி இருந்தான்? நான் உங்ககிட்ட கேக்கவே இல்ல."

என்னைப் பார்த்தார்கள். "இப்ப எதுக்கு?"

"நீங்க மட்டும்தான பாத்தீங்க. எனக்கும் சொல்லுங்க."

முதலில் தட்டில் இருந்த சோற்றை விரலால் ஒதுக்கினார்கள். பிறகு சொன்னார்கள். முகத்தில் அடியே இல்லை. கண் லேசாகத் திறந்திருந்தது. ஒரு காலில் ஷூ இல்லை, சாக்ஸ் மட்டும். சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை. "புது சாக்ஸ் வாங்கித் தாங்கன்னு கேட்டிருந்தான் லில்லி, அதுக்கு முந்தின வாரம்..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. சத்தம்தான் வந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை அவர்களிடம் நான் கேட்டதில்லை. எச்சில் கையோடு மேஜையில் தலையை வைத்து அழுதார்கள். நான் அவர்கள் முதுகில் கையை வைத்தேன். முதுகு குலுங்கியது. என் கையும் அதோடு குலுங்கியது. அது போதுமாக இருந்தது.

கதவை யாரோ தட்டினார்கள். எதிர்வீட்டு கனகமணி அக்கா. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருப்பாள் போல, கையில் கரண்டி.

"என்னம்மா லில்லி, சார் அழுத மாதிரி சத்தம் கேக்கு? என்னாச்சு?"

ஒண்ணும் இல்லக்கா என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"எங்க பையன் செத்துட்டான்க்கா" என்றேன்.

அவள் முகம் மாறியது. ஜனவரியில் பால் வாங்கிவந்து கொடுத்தவளே அவள்தான். "அது... தெரியுமேம்மா. இப்ப..."

"ஆமாக்கா. உள்ள வாங்க. வந்து உட்காருங்க."

கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.